ஐந்து மில்லி தண்ணீர்

தன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அவள் வந்துபோன பகலிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று ஒரே நாளில் முற்றத்தை மூன்று தடவை பெருக்கினேன். மூன்றாவது தடவை பெருக்குவதற்குக் குப்பையே இல்லை. மாலையில் பீச் ரோடு வரை நடந்தேன்; கடலைப் பார்க்கப் பிடிக்காமல் உடனே திரும்பினேன். வாசலுக்கு வந்தபோதுதான் கதவைப் பூட்டாமலே போயிருந்தது தெரிந்தது.

அவள் என் பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிட எட்டு வயது இளையவள். கணவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்; ஊருக்கெல்லாம் அண்ணாச்சி, எனக்கும் அண்ணாச்சிதான். சாத்தான்குளத்துக்குத் தெற்கே பனங்காட்டிலிருந்து பிழைக்க வந்து தூத்துக்குடியில் காலூன்றிய குடும்பம். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுவார்கள், வருடத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூருக்கு நடந்தே போவார்கள். நான் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். முப்பது வருடத்துக்கு மேல் நர்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றுவிட்டேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில் ஒன்று உண்டு. அதன்மேல் குழம்புக் கிண்ணங்கள் போய்வந்த அளவுக்கு நாங்கள் வாசல் வழியாகப் போய்வந்திருக்க மாட்டோம்.

பத்திரிகையோடு ஒரு பட்டுச் சேலையையும் தாம்பாளத்தில் வைத்து நீட்டினாள்.

"யக்கா, தாலி கட்டி முடிஞ்சதும் மாப்பிள்ள பொண்ணு மொதல்ல உங்க கால்லதான் விழும். நீங்க உங்க வழக்கப்படி அவன் நெத்தியில சிலுவை போட்டு ஆசீர்வாதம் பண்ணணும். அன்னைக்கு நீங்க இல்லன்னா இன்னைக்கு அவன் ஏது?"

"அதுக்கென்னளா, பண்ணிருவோம்" என்று வாய் சொல்லிவிட்டது. தாம்பாளத்தை வாங்கி மேசைமேல் வைப்பதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். அவளுக்குப் பத்திரிகை வைக்க இன்னும் எத்தனையோ வீடு இருந்தது.

அந்த நெற்றியில் ஏற்கெனவே ஒருமுறை நான் கை வைத்திருக்கிறேன். அது அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேச வகுப்பில் கன்னியாஸ்திரி ஒருவர் எங்களுக்கு ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்கக் கற்றுக்கொடுத்தார். சாகக் கிடக்கிற பிள்ளைக்குச் சாமியார் வந்து சேர நேரமில்லையென்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒரு பெயர் வேண்டும், கொஞ்சம் தண்ணீர் வேண்டும், பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஒரு ரப்பர் பொம்மையை வைத்து வரிசையாக நின்று பழகினோம். தண்ணீர் சொட்டினால் போதாது, ஓட வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். ஒரே காலையில் அந்தப் பொம்மை இருபது தடவைக்கு மேல் கிறிஸ்தவளானது. எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாமல் சாகிற குழந்தைக்கு மோட்சம் இல்லை. பாவம் செய்யாததால் நரகமும் இல்லை. நடுவில் ஓர் இடம். அங்கே வேதனை கிடையாது, ஆனால் ஆண்டவர் முகத்தைப் பார்க்க முடியாது. அம்மா அப்பா பின்னால் மோட்சம் போனாலும் அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியாது. அந்த வயதில் மனப்பாடம் செய்த மந்திரங்களில் பாதி எனக்கு இன்று மறந்துவிட்டது. இது மட்டும் மறக்கவில்லை.

எங்கள் ஆட்கள் கிறிஸ்தவர்களானதே இப்படி ஓர் ஆபத்து நேரத்தில்தான். முத்துக்குளிக்கிற கடல் யாருக்கு என்கிற சண்டையில் உயிர் போகிற நிலைமை வந்தபோது, போர்த்துக்கீசியர் தங்கள் கப்பல்களைக் காவலுக்குத் தருவதாகச் சொன்னார்கள். ஊர் ஊராகத் தலை குனிந்தோம், ஊர் ஊராகத் தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு வந்த சாமியார் ஒருவர் கை ஓய்ந்துபோகிற அளவுக்கு ஊற்றினாராம். பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகப் படித்தேன். பெருமை இப்போதும் உண்டு; இல்லையென்று சொன்னால் பொய். மாதா கோவில் தேர் அசைந்தால் என் கண் தானாக நிறைந்துவிடும். அடுப்படியைப் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்லில் குசினி என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் வயது ஏற ஏற ஒரு கேள்வி மட்டும் முள்ளாகக் குத்துகிறது. அன்று ஆண்கள் கூடிப் பேசி முடிவெடுத்திருப்பார்கள். இடுப்பிலிருந்த பிள்ளையைப் பெற்றவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டிருப்பார்களா?

எனக்கு ஒரு மகன் பிறந்தான். நாற்பது நிமிடம் இருந்தான்.

பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் நான் நினைவிழந்து கிடந்தேன். என் கணவருக்குக் கப்பலில் வேலை. அன்று எந்தக் கடலில் இருந்தாரோ. என்னைச் சுற்றி நின்ற டாக்டரும் நர்சுகளும் நல்லவர்கள், என் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். பிள்ளையின் தலையில் தண்ணீர் விட வேண்டும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? கட்டில் பக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் இருந்தது. நான் கண்விழித்தபோது அது நிறைந்தபடியே இருந்தது. எத்தனையோ பேருக்குப் பிரசவம் பார்த்தவள் நான், என் பிள்ளைக்கு ஒரு கைத் தண்ணீர் இல்லை.

சாமியார் ஊரில் இல்லாத நாள் அது. கோவில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார்தான் முடிவு சொன்னார். மந்திரித்த மண்ணில் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையை வைக்கிற வழக்கம் இல்லையென்றார். வருத்தமாகத்தான் சொன்னாராம். கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே, உடைமரத்து ஓரமாகப் புதைத்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஆட்டோ ஸ்டாண்டு இருக்கிறது. கல்லறைத் திருநாளன்று ஊரே தன் வீட்டுக் கல்லறைகளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வைக்கும்போது, நான் சுவருக்கு உள்பக்கம் நின்று வெளிப்பக்கம் பார்த்து ஒரு மெழுகுவர்த்தி கொளுத்துவேன். வெளியே டிரைவர்கள் வடை தின்றுகொண்டு அரசியல் பேசுவார்கள். அவர்கள்மேல் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பாவம், அவர்களுக்கு என்ன தெரியும்.

அவனுக்கு வைக்க நினைத்திருந்தது என் மாமனாரின் பெயர். முதல் ஆண்பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்பது எங்கள் வழக்கம். ஏழு மாதம் கழித்துக் கப்பலிலிருந்து இறங்கி வந்த என் கணவர் அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. குளித்தார், சாப்பிட்டார், பின்கட்டில் கம்பிவலை அடித்து ஒரு கோழிக்கூடு கட்டினார். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. அதற்குப் பிறகு எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. இப்போது அவரும் இல்லை.

என் மகன் போய் இரண்டு வருடம் கழித்து, ஒரு பகல் இரண்டு மணிக்கு, நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கிவந்தார்கள். ஏழாம் மாதம். பிள்ளை பிறந்தபோது என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது, நீலம் பாரித்திருந்தது. டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் போய்விடும், தகப்பனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள் என்றார். அண்ணாச்சி மருந்து வாங்க வெளியே ஓடியிருந்தார். அவள் மயக்கத்தில் கிடந்தாள். டாக்டர் அடுத்த பிரசவத்துக்குப் போனார். அறையில் நானும் பிள்ளையும் மட்டும்தான்.

யோசித்துச் செய்தேன் என்றால் அது நான் பிறகு கட்டிய கதை. ஊசி மருந்து கலக்க வைத்திருக்கும் டிஸ்டில்டு வாட்டர் குப்பி ஒன்றை உடைத்தேன். ஐந்து மில்லி. பிள்ளைக்குச் சில்லென்று இருக்கக் கூடாதே என்று சிரிஞ்சில் ஏற்றிக் கைக்குள் பொத்திச் சூடாக்கினேன். ஊசியைக் கழற்றிவிட்டு நெற்றியில் விட்டேன். சொட்டவில்லை, ஓடியது. ஒரு பெயர் வேண்டுமே. என் மகனுக்கு வைத்திருந்த பெயர் வாயில் வந்தது, அதையே சொன்னேன். பிறகு பஞ்சால் நெற்றியைத் துடைத்தேன். திருடியவள் கைரேகையைத் துடைப்பது போலத்தான் துடைத்தேன்.

பிள்ளை சாகவில்லை. ஆறு வாரம் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, தேறி, வீட்டுக்குப் போனான். காப்பாற்றியது டாக்டரும் மருந்தும். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் சில வருடம் கழித்து என் பக்கத்து வீடு விலைக்கு வந்தபோது, அண்ணாச்சி கடைக்கு நானே தேடிப்போய்ச் சொன்னேன். நல்ல தண்ணீர் வருகிற வீடு என்றேன். அது உண்மைதான். ஆனால் அதற்காகச் சொல்லவில்லை; அவன் வளர்வதை நான் பார்க்க வேண்டும்.

அவன் என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தான். காவடி எடுத்த வருடம் மஞ்சள் வேட்டியோடு மதில் ஓரத்தில் நின்று, "எப்படி இருக்கு பெரியம்மா?" என்று கேட்டான். ராஜா மாதிரி இருக்கு என்றேன். உள்ளே வந்து ஜெபமாலையை எடுத்தேன், ஒரு மணிகூட உருட்டாமல் வைத்துவிட்டேன். நான் செய்தது நிஜமென்றால் இவன் தனக்கே தெரியாத கிறிஸ்தவன்; அவனை அப்படி விட்டது என் குற்றம். நிஜமில்லையென்றால் அது வெறும் தண்ணீர். அப்படியானால் என் மகன் சுவருக்கு வெளியே கிடப்பதும் அந்த வெறும் தண்ணீர் கிடைக்காததால்தான். எதை நம்பினாலும் நிம்மதி இல்லை. காலையில் ஒன்றை நம்புவேன், மத்தியானம் மற்றதை நம்புவேன். இருபத்தெட்டு வருடம் இப்படி அலைந்தேன்.

பத்திரிகை வந்த நான்காம் நாள், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். எங்கள் கோவில் பங்குக்குப் புதிதாக வந்த சாமியார், சின்ன வயது. முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்டார்.

"அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாது சாமி."

"தெரிய வேண்டாம். இப்ப காலம் சரியில்லம்மா. ஆஸ்பத்திரியில வச்சு மதம் மாத்துனாங்கன்னு யாராவது கிளப்பிவிட்டா உங்களுக்கும் கஷ்டம், பங்குக்கும் கஷ்டம்."

"நான் செஞ்சது பாவமா, புண்ணியமா? அதச் சொல்லுங்க."

"நல்ல எண்ணத்துலதான செஞ்சீங்க?"

"நான் எண்ணத்தைக் கேக்கல சாமி."

அவர் பெருமூச்சு விட்டது கேட்டது. குரலைத் தணித்து, "உங்க குழந்தையை நினைச்சுக் கவலைப்படாதீங்க. அந்த நடு இடம்னு சொல்றதையெல்லாம் இப்ப சபை போதிக்கிறதில்ல. அது கட்டாயம் நம்ப வேண்டிய சத்தியமா ஒருநாளும் இருந்ததில்ல. கடவுளோட இரக்கத்துல ஒப்படைச்சிடணும்" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. முப்பது வருடம் கழித்துச் சொல்கிறார்கள், அப்படி ஓர் இடமே இல்லையாம். அப்படியானால் அந்தச் சுவர் எதற்கு? அந்த உடைமரம் எதற்கு? "அப்ப இத்தன வருசம் என் பிள்ள எங்க இருந்தான் சாமி?" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. வரிசையில் நின்ற பெண்கள் ஜெபத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லச் சொல்லி அனுப்பினார். நான் சொல்லவில்லை. வெளியே வந்து யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு பாதி வழி நடந்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகுதான் சொல்லியே ஆக வேண்டும் என்பது எனக்கு உறுதியானது. யாருக்கும் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு அவன் நெற்றியில் இரண்டாவது தடவையும் கை வைக்க என்னால் முடியாது. சொன்னால் அவளை இழப்பேன். அவனையும் இழப்பேன். எனக்கு இந்த ஊரில் இருப்பது அவர்கள்தான்.

மறுநாள் காலை மதிலில் நின்று கூப்பிடாமல் வாசல் வழியாகப் போனேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து நானும் நாலைந்து பை போட்டேன். பிறகு சொன்னேன். சுற்றிவளைக்காமல், குப்பியை உடைத்ததிலிருந்து பஞ்சால் துடைத்ததுவரை சொன்னேன்.

அவள் கையிலிருந்த தேங்காயைக் கீழே வைத்தாள்.

"அவிய எங்க இருந்தாவ?"

"மருந்து வாங்கப் போயிருந்தாவ."

"நானு?"

"நீ மயக்கத்துல கெடந்த."

"மயக்கம் தெளிஞ்ச பெறவு?" என்று கேட்டாள். நான் அடுத்த பையை இழுத்துப் பிரித்தேன். "இருவத்தெட்டு வருசம் தெளிஞ்சுதான இருந்தேன், சிஸ்டர்?"

ஆஸ்பத்திரியை விட்டுப் போன நாளுக்குப் பிறகு அவள் என்னை சிஸ்டர் என்று கூப்பிட்டதே இல்லை.

"கேட்டிருந்தா நானே தண்ணி மோந்து தந்திருப்பேன். பிள்ள பொழச்சாப் போதும்னு அன்னைக்கு எந்தச் சாமியக் கும்புடல நான்? மாதா கோயிலுக்கும்லா நேந்துக்கிட்டேன். நீங்களும் கூட வந்தீங்க, மெழுகுவத்தி வாங்கித் தந்தீங்க. அப்பக்கூட வாயத் தொறக்கல."

"பயமா இருந்துச்சு."

"என் பிள்ளைக்கு எனக்குத் தெரியாம ஒரு பேரு. யாரு பேரு அது?"

என் மகனைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே கிடையாது. எனக்குப் பிள்ளை இல்லை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். நாற்பது நிமிடத்தைச் சொன்னேன், செம்பைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன், ஆட்டோ ஸ்டாண்டைச் சொன்னேன். பெயரையும் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. தேங்காயை மறுபடி கையில் எடுத்து, "போயிட்டு வாங்க, சோலி கெடக்கு" என்றாள்.

ஐந்து நாள் மதில்மேல் கிண்ணம் வரவில்லை. அந்த வீட்டில் பந்தல் போட்டார்கள், வாழைமரம் கட்டினார்கள், மைக்செட் பாடியது. அங்கே கம்பிக் கதவு கிரீச்சிட்ட போதெல்லாம் நான் எழுந்து நின்றேன். அவள் தந்த பட்டுச் சேலையை எடுத்து விரித்தேன், மடித்து வைத்தேன், மறுபடி விரித்தேன். துறைமுகப் பக்கம் கப்பல் சங்கு ஊதியதற்குப் பால் பாத்திரத்தைக் கைநழுவவிட்டேன். ஒரு கட்டத்தில் அவள்மேலேயே கோபம் வந்தது. நான் என்ன விஷத்தையா ஊற்றினேன் என்று அடுப்பைப் பார்த்துக் கத்தினேன். கத்திய பிறகு வெட்கமாக இருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பதினோரு மணி வெயிலில் அவள் வந்தாள். கையில் ஒரு காலிப் பை. உள்ளே வராமல் என் வாசல் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றாள்.

"யக்கா."

சிஸ்டர் இல்லை, யக்கா. கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்கு வீட்டுல துணி வச்சுக் கும்புடுதோம்" என்றாள்.

அவர்கள் வழக்கம் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால், வீட்டில் இறந்துபோனவர்களுக்குப் புதுத்துணி எடுத்து விளக்கு முன்னால் வைத்து, நல்ல காரியம் நடக்கப்போகிறது, கூட இருங்கள் என்று சொல்லிக் கும்பிடுவார்கள். சின்ன வயதில் போனவர்களை மறக்கவே மாட்டார்கள்.

"மாமனாருக்கு வேட்டி. எங்க வீட்டுக்காரவிய தங்கச்சி கன்னியாவே செத்துப்போச்சுல்லா, அதுக்குப் பாவாட சட்ட. ஜவுளிக்கடைக்குத்தான் போறேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்க பிள்ளைக்கும் ஒரு சட்ட வைக்கட்டா? என் பிள்ள அவன் பேரச் சொமக்கான். அப்ப அண்ணன்தான. உங்க கோயில்ல தப்புன்னா வேண்டாம்னு சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். கேக்காமச் செய்யக் கூடாதுல்லா, அதான் கேக்க வந்தேன்."

கடைசியில் சொன்னது என்னைக் குத்துவதற்கா? குத்துவதற்குத்தான். ஆனாலும் பதிலுக்காக வெயிலில் நின்றாள்.

"அவன்ட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. நான் சொல்லுவேன். எப்பங்கறத நான் பாத்துக்கிடுதேன். கல்யாணத்தன்னைக்கு நெத்தியில சிலுவை போடுறதுக்கு முன்ன அவன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

சரி என்று தலையாட்டினேன். துணி விஷயத்துக்கு என்ன பதில் சொல்வது? விளக்கு முன்னால் வைத்த துணி, எங்கள் கணக்கில் பத்துக் கட்டளைகளில் முதலாவதற்கே விரோதம். அந்தக் கன்னியாஸ்திரி இருந்தால் காதைத் திருகியிருப்பார். சின்னச் சாமியாரிடம் இதற்கும் போய் முழங்காலில் நிற்க வேண்டியிருக்கும், அவர் இதையும் யாரிடமும் சொல்லாதீர்கள் என்பார். ஆனால் என் மகனை எங்கே வைக்கட்டும் என்று இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை. உபதேசியார் கேட்கவில்லை. புதைத்தவர்கள் கேட்கவில்லை. இவள் ஒருத்திதான் கேட்கிறாள்.

"வையிளா" என்றேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு அடி நடந்தாள். பிறகு திரும்பி, "என்ன அளவு எடுக்க? கைப்பிள்ளைக்கா?" என்று கேட்டாள்.

எனக்கு அதுவரை அவன் நாற்பது நிமிடத்துப் பிள்ளைதான். சுவருக்கு வெளியே அவன் வளரவே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம், பந்தலுக்குக் கீழே, அவள் மகன் யாரிடமோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் மகன் அவனைவிட இரண்டு வயது மூத்தவன்.

"நாப்பத்திரெண்டு எடு" என்றேன். "அவன் அப்பா வளத்தி இருப்பான். முழுக்கை."